திடீர்ச் செவித்திறன் இழப்பும் ஸ்டீராய்டு மருத்துவ முறைகளும்: ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மூன்று நாள்களுக்குள் செவியின் கேட்கும் ஆற்றல் பெருமளவு குறைந்துபோவதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்பர். இதற்கு உலகெங்கும் வழங்கப்படும் முதன்மை மருந்து ஸ்டீராய்டு. அதனை மாத்திரையாகத் தருவதா, செவிப்பறை வழியே ஊசியால் செலுத்துவதா, மிகு அளவில் தருவதா என்பது பற்றி 1980 முதல் 2024 வரை வெளிவந்த முக்கிய மருத்துவ ஆய்வுகளை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. அவற்றின் முடிவுகள் ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிலாளர் வாழ்நிலைக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் ஆராய்கிறது. மருந்தின் வடிவங்களுக்கிடையே பயனில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆதலின் நோயாளி மருத்துவரை அடையும் நாள், அவரது உடல்நிலை, பணிச்சூழல் ஆகியவையே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: திடீர்ச் செவித்திறன் இழப்பு, உணர்நரம்புசார் கேளாமை, ஸ்டீராய்டு, செவிப்பறை ஊசி, நீரிழிவு, தொழிலாளர் நலம், ஓசூர்.

முன்னுரை

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் ஓசூர் அமைந்துள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளும் இங்குப் பெருகின. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற பகுதிகளில் கருங்கல் அறுத்து மெருகேற்றும் ஆலைகளும் மாங்கூழ் ஆலைகளும் உள்ளன. எல்லையைக் கடந்தால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா எனக் கர்நாடகத்தின் தொழிற்பகுதி தொடர்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றோடு வடமாநிலத் தொழிலாளரின் இந்தியும் ஒடியாவும் ஒரே பணிக்கூடத்தில் ஒலிக்கும் நிலம் இது.

இத்தகைய இடத்தில் ஒருவர்க்குச் செவி கேட்கவில்லை என்றால் இயந்திர இரைச்சலே காரணம் எனக் கருதுவது இயல்பு. இரைச்சலால் விளையும் கேளாமை பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. பெரும்பாலும் இரு செவிகளையும் தாக்குவது. 4000 ஹெர்ட்சு அலைவெண்ணை ஒட்டிய கீச்சொலிகளில் தொடங்குவது. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட நோய் அதனின் வேறானது. அது பெரும்பாலும் ஒரு செவியை மட்டும், ஓர் இரவிலோ ஒரு காலைப் பொழுதிலோ தாக்கும். 2024 சூன் மாதத்தில் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கியபோது தமக்கு எதுவும் கேட்கவில்லை என்றும், அது உணர்நரம்புசார் கேளாமை எனக் கண்டறியப்பட்டது என்றும் அறிவித்தபோதுதான் இந்நோயின் பெயர் இந்தியப் பொதுவெளியில் பரவலாக அறியப்பட்டது.

மருத்துவ வரையறை இது: 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவெண்களிலேனும் 30 டெசிபெல் அல்லது அதற்கு மேற்பட்ட உணர்நரம்புசார் இழப்பு. டெசிபெல் அளவு மடக்கை முறையில் அமைந்தது ஆதலால் 30 டெசிபெல் இழப்பு என்பது, முன்பு கேட்ட அதே ஒலியைக் கேட்க ஆயிரம் மடங்கு செறிவு தேவைப்படும் நிலையாகும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேர்க்கு இந்நோய் வருவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 18.8 லட்சம் பேர். அமெரிக்க விகிதத்தை அப்படியே பொருத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 முதல் 500 பேர் என்றாகும். இது கள அளவீடு அன்று. நோயின் பரப்பை உணர்த்தும் கணக்கு மட்டுமே.

‘காது அடைச்சிருக்கு’

இந்நோயுற்றோர் பெரும்பாலும் ‘கேட்கவில்லை’ என்று சொல்வதில்லை. ‘காது அடைச்சிருக்கு’ என்றே சொல்கின்றனர். உட்செவி பழுதுபடும்போது செவி நிறைந்திருப்பது போன்ற உணர்வும் இரைச்சலும் தோன்றுவதால் அச்சொல் நோயாளியின் உணர்வைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் அதே சொல்லே சளி பிடித்த செவிக்கும், குரும்பி அடைத்த செவிக்கும், மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது உண்டாகும் அடைப்புக்கும் வழங்குகிறது. இவை யாவும் தாமே நீங்குபவை அல்லது எளிதில் நீக்கத்தக்கவை. எனவே அச்சொல்லைக் கேட்பவரும் சொல்பவரும் அவசரம் கொள்வதில்லை. பூண்டு காய்ச்சிய எண்ணெய், மருந்துக்கடைச் சொட்டு மருந்து என நாள்கள் கழிகின்றன. செவிக்குழலில் விடும் எச்சொட்டும் முழுமையான செவிப்பறையைக் கடந்து உட்செவியை அடையாது.

கேளாமை இருவகைப்படும். ஒலி செவிக்குழல், செவிப்பறை, நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் வழியே சென்று உட்செவியின் நத்தைச்சுருளை அடைகிறது. அங்குள்ள மயிரணுக்கள் அவ்வதிர்வை மின்துடிப்பாக மாற்றி நரம்பிடம் ஒப்படைக்கின்றன. செல்லும் வழியில் தடை நேர்ந்தால் அது கடத்தல்சார் கேளாமை. நத்தைச்சுருளோ நரம்போ பழுதானால் அது உணர்நரம்புசார் கேளாமை. முதலாவதற்கு ஸ்டீராய்டு மாத்திரை தேவையில்லை. இரண்டாவதற்குச் செவியைக் கழுவுவதால் பயனில்லை.

இவ்விரண்டையும் வேறுபடுத்த முதல் நாளில் தேவைப்படும் கருவி 512 ஹெர்ட்சு இசைக்கவை ஒன்றே. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் காணப்படும் கருவிதான் அது. அதனை அதிரச் செய்து நெற்றியின் நடுவில் வைத்தால், கடத்தல்சார் கேளாமையில் ஒலி பழுதுற்ற செவியில் மிகுந்து கேட்கும். உணர்நரம்புசார் கேளாமையில் நல்ல செவியில் மிகுந்து கேட்கும். இசைக்கவை இல்லாவிடத்து நோயாளியை வாய்மூடி ‘ம்ம்ம்’ என முனகச் சொல்லி, எந்தச் செவியில் அது மிகுதியாக ஒலிக்கிறது எனக் கேட்டாலும் ஏறத்தாழ அதே குறிப்புக் கிட்டும். தொலைபேசியிலும் செய்யத்தக்க இவ்வெளிய சோதனையை அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டு நெறிகளும் குறிப்பிடுகின்றன. ஆடியோமெட்ரி எனப்படும் செவித்திறன் அளவீடு இதனை உறுதி செய்ய வேண்டும். ஆயினும் அதற்காகக் காத்திருக்கும் நாளில் என்ன ஐயுற வேண்டும் என்பதை முனகலே சொல்லிவிடும்.

காரணம் அறியா நோய்

ஆராய்ந்து பார்த்தாலும் இந்நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் வரை காரணம் புலப்படுவதில்லை. நச்சுயிரித் தாக்கம், உட்செவிக்குச் செல்லும் நுண்தமனியில் குருதித் தடை, தன்தடுப்பாற்றல் பிறழ்வு ஆகியவை முன்வைக்கப்படும் கருதுகோள்கள். உட்செவியின் தமனிக்கு மாற்றுக்கிளை இல்லை என்பதால் குருதித் தடைக் கருதுகோளுக்கு உடற்கூறியல் சார்ந்த ஏற்புடைமை உண்டு. ஒரு சிலர்க்குச் செவிநரம்பில் வளரும் கட்டியின் முதல் அறிகுறியாகவும் இவ்விழப்பு அமைவதால் காந்த அதிர்வுப் படம் எடுக்க வேண்டும் என்பர்.

ஸ்டீராய்டு இங்கு என்ன செய்கிறது என்பதும் முழுமையாகத் தெளிவுபடவில்லை. அழற்சியைத் தணிக்கிறது என்பது பொதுவான விளக்கம். உட்செவி நீர்மத்தின் உப்புச் சமநிலையைப் பேணும் திசுக்களிலும் ஸ்டீராய்டு ஏற்பிகள் இருப்பதால் அச்சமநிலையை மீட்கிறது என்பது மற்றொரு விளக்கம். காரணம் தெரியாத நோய்க்கு, செயல்முறை முழுதும் தெரியாத மருந்து என்பதே உண்மை நிலை. மருந்துகளை ஒப்பிடுமுன் இதனை மனங்கொள்வது நலம்.

தானாக மீளும் செவி

எம்மருந்தும் உண்ணாத நோயாளிகளுள் 32 முதல் 65 விழுக்காட்டினர் ஓரளவேனும் தாமே மீள்கின்றனர் என்பது இந்நோயின் விந்தையான இயல்பு. 1977இல் மேட்டாக்ஸ், சிம்மன்ஸ் ஆகியோர் வெளியிட்ட இயற்கைப் போக்கு ஆய்வு இதனை வலியுறுத்தியது. இவ்வியல்பை மறந்தால் எம்மருந்தும் நல்ல மருந்தாகவே தோன்றும். நூறு பேர்க்கு வெறும் சர்க்கரை உருண்டையைத் தந்தாலும் பாதிப்பேர் நலமடைந்து நன்றி கூறுவர். தம் அனுபவத்தில் இன்ன மருந்து நன்கு வேலை செய்கிறது என ஒரு மருத்துவர் சொல்லும்போது அவர் பொய் கூறுவதில்லை. ஆனால் அவ்வனுபவம் மருந்தின் பயனையும் இயற்கையின் மீட்சியையும் பிரித்துக் காட்ட இயலாது. ஒப்பீட்டுக் குழு உள்ள ஆய்வு மட்டுமே அதனைச் செய்யும்.

அத்தகைய முதல் முக்கிய ஆய்வை வில்சன், பைல், லேர்ட் ஆகியோர் 1980இல் வெளியிட்டனர். 33 பேர்க்கு ஸ்டீராய்டும் 34 பேர்க்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது மருத்துவர்க்கும் நோயாளிக்கும் மறைக்கப்பட்டிருந்தது. ஸ்டீராய்டுக் குழுவில் 61 விழுக்காட்டினரும் மற்றதில் 32 விழுக்காட்டினரும் மீண்டனர். இழப்பு இடைநிலையில் இருந்தவர்க்கே பயன் தெளிவாகத் தென்பட்டது. மிகக் கடும் இழப்புற்றோர்க்கு அது புலப்படவில்லை. இரு மருத்துவ மையங்களில் நடந்த அவ்வாய்வில் ஒரு மையம் ஒரு வகை ஸ்டீராய்டையும் மற்றது வேறு வகையையும் பயன்படுத்தின என்பதும் நோக்கத்தக்கது.

நாற்பதாண்டு மருத்துவ வழக்கம் இவ்வறுபத்தேழு பேரின் மீது எழுந்தது என்று கூறினால் அது பெரிதும் மிகையாகாது. 2012இல் சுவீடனில் நொஸ்ராத்தி-சரேனோ, ஹுல்ட்கிரான்ட்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு, 60 மி.கி. பிரெட்னிசொலோனையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டது. நோய் தொடங்கி ஒரு வாரத்துக்குள் மருத்துவம் தொடங்கப்பட்டும் இரு குழுக்களுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. அடுத்த ஆண்டு காக்ரேன் அமைப்பின் முறைசார் மீளாய்வு தகுதியுடைய மூன்றே ஆய்வுகளை, அதாவது 267 பேரை மட்டுமே கணக்கில் கொள்ள முடிந்தது. ஸ்டீராய்டின் பயன் தெளிவுபடவில்லை என்பதே அதன் முடிவு.

இதனால் ஸ்டீராய்டு பயனற்றது என்றாகிவிடாது. பயன் இருக்கலாம், அது சிலர்க்கு மட்டும் இருக்கலாம், சிறிய ஆய்வுகளால் அதனைப் பிடிக்க இயலாமல் போயிருக்கலாம். ஒரு செவியின் நிலையான இழப்பு என்னும் இழப்பீட்டுக்கு எதிரே பத்து, பதினைந்து நாள் மாத்திரையின் இடரை வைத்துப் பார்க்கும் மருத்துவர் பெரும்பாலும் மாத்திரையையே தேர்கிறார். 2019இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டு நெறியும் ‘தரலாம்’ என்ற அளவிலேயே, முதல் இரு வாரங்களுக்குள் தொடங்குமாறு கூறுகிறது. ‘தர வேண்டும்’ என்று அது கூறவில்லை. இச்சிறு சொல் வேறுபாடு மருந்துச்சீட்டில் எங்கும் தெரிவதில்லை.

மாத்திரையும் ஊசியும்

வாய்வழி மருத்துவத்தில் பிரெட்னிசோன் அல்லது பிரெட்னிசொலோன், உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம், நாளொன்றுக்கு 60 மி.கி. வரை தரப்படும். மெத்தில்பிரெட்னிசொலோன் எனில் 48 மி.கி., டெக்சாமெத்தசோன் எனில் 10 மி.கி. இதற்கு நிகர். காலையில் ஒரே வேளையாக, 10 முதல் 14 நாள் வரை தந்து, பின் படிப்படியாகக் குறைப்பர். மருந்து குருதியில் கலந்து உடல் முழுதும் சுற்றி, அதில் மிகச் சிறு பங்கே உட்செவியை அடையும். உட்செவிக்கும் குருதிக்கும் இடையே மூளைக்கு இருப்பதைப் போன்ற ஒரு தடுப்பு உண்டு.

செவிப்பறை ஊசியின் நோக்கம் அத்தடுப்பைச் சுற்றிக் கடப்பதாகும். செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, நுண்ணூசியால் நடுச்செவியில் அரை மில்லி லிட்டர் அளவு மருந்தை நிரப்புவர். நோயாளி அச்செவி மேல்நோக்கியிருக்கத் தலையைச் சாய்த்து, விழுங்காமல், 15 முதல் 30 நிமிடம் படுத்திருப்பார். மருந்து வட்டச் சாளரம் என்னும் மென்படலத்தின் வழி உட்செவிக்குள் ஊறும். 1999இல் பார்ன்ஸ் குழுவினர் விலங்குகளில் செய்த ஆய்வு, இவ்வழியில் உட்செவி நீர்மத்தில் மருந்துச் செறிவு பன்மடங்கு உயர்வதைக் காட்டியது. ஆயினும் அச்செறிவு நத்தைச்சுருளின் அடிப்பகுதியில் மிகுந்தும் நுனியில் குறைந்தும் இருக்கும். கீச்சொலிகளை உணர்வது அடிப்பகுதி. தாழ்ந்த ஒலிகளை உணர்வது நுனி.

செறிவு மிகுதி என்பதால் பயனும் மிகுதியா? இவ்வினாவுக்கு ரௌச் குழுவினர் 2011இல் அமெரிக்காவின் 16 மையங்களில் நடத்திய ஆய்வு விடை தந்தது. ஒரு செவியில் மட்டும் இழப்புற்று 14 நாள்களுக்குள் வந்த 250 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். 121 பேர் 60 மி.கி. பிரெட்னிசோனை 14 நாள் உண்டு, மேலும் 5 நாளில் குறைத்தனர். 129 பேர்க்கு மில்லி லிட்டருக்கு 40 மி.கி. செறிவுள்ள மெத்தில்பிரெட்னிசொலோன் இரு வாரங்களில் நான்கு முறை ஊசியாகச் செலுத்தப்பட்டது. இரு மாதங்களுக்குப் பின் மாத்திரைக் குழுவின் சராசரி முன்னேற்றம் 30.7 டெசிபெல், ஊசிக் குழுவின் முன்னேற்றம் 28.7 டெசிபெல். 10 டெசிபெலுக்குக் குறைவான வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று என ஆய்வர் முன்னரே வரையறுத்திருந்ததால், ஊசி மாத்திரைக்குத் தாழ்ந்ததன்று என்று முடிவு செய்தனர்.

இம்முடிவைப் படிக்கும்போது ஒரு நுட்பத்தை விட்டுவிடக் கூடாது. அவ்வாய்வில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. எனவே இரண்டும் ஒன்றுக்கொன்று நிகர் என்று அது காட்டுகிறதே தவிர, இரண்டும் பயனுடையவை என்று காட்டவில்லை. தானாக மீள்வோர் இரு குழுக்களிலும் இருந்திருப்பர்.

இந்தியச் சூழலில் மற்றொரு நுட்பமும் உண்டு. அமெரிக்க நெறி செவிப்பறை ஊசிக்கு மில்லி லிட்டருக்கு 10 அல்லது 24 மி.கி. செறிவுள்ள டெக்சாமெத்தசோனைக் குறிக்கிறது. இந்திய மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டெக்சாமெத்தசோன் குப்பி மில்லி லிட்டருக்கு 4 மி.கி. செறிவுடையது. மலிவும் எளிமையும் கருதி அதனைப் பயன்படுத்திவிட்டு ரௌச் ஆய்வின் முடிவை மேற்கோள் காட்டுவது பொருந்தாது. 40 மி.கி. செறிவுள்ள மெத்தில்பிரெட்னிசொலோன் நம் நாட்டிலும் கிடைக்கிறது; சற்று மிகுதியான எரிச்சலைத் தரக்கூடும் என்பதே அதன் குறை.

மாத்திரை பயன் தராதபோது ஊசியை மீட்பு மருத்துவமாகத் தருவது இதனின் வேறானது. நோய் தொடங்கி 2 முதல் 6 வாரத்துக்குள் முழு மீட்சி பெறாதவர்க்கு ஊசி தர வேண்டும் என்று 2019 நெறி பரிந்துரைக்கிறது. 30 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, முதல்நிலை மருத்துவத்தில் ஊசிக்கும் மாத்திரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றும், மீட்பு மருத்துவத்தில் ஊசியால் முன்னேற்றம் காண்போர் கூடலாம் என்றும் கண்டது. சான்றின் உறுதி குறைவே என்றும் அது குறித்துள்ளது.

அளவு கூடினால்?

மாத்திரை அளவு போதாமையால்தான் பயன் தெளிவாகவில்லை என்னும் எண்ணம் நெடுங்காலமாக மருத்துவரிடையே இருந்தது. செருமனியில் சிரைவழி மிகு அளவு ஸ்டீராய்டு வழக்கமாகவே இருந்துவந்தது. அந்நாட்டிலேயே 39 மையங்களில் பிளோன்ட்கே தலைமையில் நடந்த ஹோடோகார்ட் ஆய்வு 2024இல் வெளியானது. 325 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவுக்கு நாளொன்றுக்கு 250 மி.கி. பிரெட்னிசொலோன் சிரைவழியாக 5 நாள். இரண்டாவதற்கு 40 மி.கி. டெக்சாமெத்தசோன் வாய்வழியாக 5 நாள். மூன்றாவதற்கு வழக்கமான 60 மி.கி. பிரெட்னிசொலோன் 5 நாளும் குறைப்பளவு 5 நாளும். ஒரு மாத முடிவில் சராசரி முன்னேற்றம் முறையே 34.2, 41.4, 41.0 டெசிபெல். மிகு அளவால் கூடுதல் பயன் இல்லை, பக்கவிளைவுகள் கூடின. எளிய மாத்திரையைத் தரும் மாவட்ட மருத்துவர், பெருநகர மருத்துவமனையில் கிடைக்கும் சிரைவழி மருத்துவத்துக்குத் தாழ்ந்த ஒன்றைத் தரவில்லை என்பதை இவ்வாய்வைப் போல் வேறெதுவும் உறுதிபடச் சொன்னதில்லை.

நச்சுயிரி எதிர்ப்பு மருந்துகள், குருதிக்குழாய் விரிப்பிகள், குருதியுறைவு கரைப்பிகள் ஆகியவற்றைப் பற்றி நீள எழுதத் தேவையில்லை. 2019 நெறி அவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே வலியுறுத்துகிறது. உயரழுத்த ஆக்சிசன் மருத்துவத்தை ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தரலாம் என்கிறது. ஆனால் அதற்குரிய அறை வசதி பெரும்பாலும் பெருநகரங்களுக்கே உரியது.

ஓசூரில் ஒரு பதினைந்து நாள்

மேற்கண்ட ஆய்வுகள் யாவும், நோயாளி 14 நாள்களுக்குள் உரிய மருத்துவரை அடைந்துவிட்டார் என்னும் நிலையிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய நாள்கள் எவ்வாறு கழியும் என்பதைக் காட்டக் கற்பிதமான எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்ளலாம். சிப்காட் பட்டறை ஒன்றில் ஒப்பந்த முறையில் சி.என்.சி. இயந்திரம் இயக்கும் நாற்பது வயதுத் தொழிலாளி திங்கட்கிழமை எழும்போது இடச்செவி அடைத்திருக்கிறது. இரவுப் பணியின் களைப்பு எனக் கருதி மூன்று நாள் பொறுக்கிறார். வெள்ளியன்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்குகிறார். அடுத்த திங்கள், எட்டாம் நாள், அருகிலுள்ள பொது மருத்துவர் சளி என எண்ணி ஐந்து நாளைக்கு நுண்ணுயிர்க்கொல்லி எழுதுகிறார். அது வெள்ளியன்று முடிகிறது. சனிக்கிழமை மிகைநேரப் பணி. ஞாயிறு பதினான்காம் நாள். புறநோயாளிப் பிரிவு இல்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அவர் காணும் திங்கட்கிழமை பதினைந்தாம் நாள். இதில் யாரும் பெரும்பிழை செய்யவில்லை. எட்டாம் நாளில் ஓர் இசைக்கவையோ ஒரு முனகலோ இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

விரைவாகத் தொடங்கினால் பயன் மிகும் என்பதற்கான சான்றையும் எச்சரிக்கையுடனே கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் வருவோருள் எப்படியும் தாமே மீளப் போகிறவர் மிகுதியாக இருப்பர். மூன்றாம் வாரத்தில் வருவோர் மீளாமல் எஞ்சியவர். ஆகவே முன்னவர்க்கு மருந்து சிறந்து வேலை செய்ததுபோல் தோன்றும். அது எவ்வாறாயினும், இரு வாரத்துக்குள் வருபவர்க்கு மாத்திரை, ஊசி என்னும் இரண்டும் திறந்துள்ளன. பிந்தி வருபவர்க்குப் பெரும்பாலும் மீட்பு ஊசி ஒன்றே எஞ்சுகிறது.

உரிய நாளில் வந்தவர்க்கு எதனைத் தருவது? பயன் நிகர் எனில் இடரும் வசதியுமே எடைபோடத் தக்கவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர். 60 மி.கி. பிரெட்னிசொலோன் அவர்களது சர்க்கரையை ஓரிரு நாளிலேயே கடுமையாக உயர்த்தக்கூடும். தமக்கு நீரிழிவு உள்ளதை அறியாத தொழிலாளர்க்கு இம்மருத்துவமே அதனை வெளிப்படுத்துவதும் உண்டு. எனவே மாத்திரைக்கு முன் குருதிச் சர்க்கரை அளவும், காசநோய் வரலாறும், குருதியழுத்தமும், இரைப்பைப் புண்ணும் கேட்டறியப்பட வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு உடையவர்க்கு ஊசியே பொருத்தமானது. மாத்திரை உறக்கத்தையும் கெடுக்கும். காலையில் உண்ண வேண்டிய மருந்தை இரவுப் பணி முடித்து வந்து உண்பவர்க்குப் பகல் உறக்கம் மேலும் அரிதாகும்.

ஊசியின் இடர்கள் வேறு வகையின: வலி, சில நிமிடத் தலைச்சுற்றல், அரிதாகச் செவிப்பறையில் ஆறாத துளை. இவற்றினும் பெரிது பயணம். இரு வாரத்தில் நான்கு முறை சிறப்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கிருஷ்ணகிரியை அடுத்த போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. ஓசூரிலிருந்து அது ஏறத்தாழ 50 கி.மீ. எதிர்த்திசையில் பெங்களூரு மருத்துவமனைகள் ஏறத்தாழ அதே தொலைவில் உள்ளன. இரண்டுக்கும் செல்ல ஒருநாள் கூலி போகும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோர்க்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு உண்டு. ஆயினும் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களித்திருக்க வேண்டும்; ஒப்பந்ததாரர் அடிக்கடி மாறும் தொழிலாளர்க்கு இது எளிதன்று. நோயின் முதல் இரு நாளுக்கு உதவித்தொகை இல்லை என்னும் விதியும் உண்டு. ஊசி போடும் நாளுக்கு மட்டும் தனித்தனியே விடுப்பு எடுப்பவர் இவ்விதியால் ஒன்றும் பெறாமல் போகலாம். மருத்துவர் தொடர் ஓய்வாகச் சான்று தந்தால் நிலைமை வேறாகும். இரு மருத்துவ முறைகளின் நிகர்மையைக் கூறும் ஆய்வுக் கட்டுரைகளில் இத்தகைய செலவு கணக்கில் வருவதில்லை. நீரிழிவு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்க்கு மாத்திரையையும், நீரிழிவு உடையவர்க்குத் தொடர் ஓய்வுச் சான்றுடன் ஊசியையும் முதலில் கருதுவதே இப்பகுதிக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

எல்லைப்பகுதி என்பதால் எழும் இடர் ஒன்றுண்டு. ஓசூரில் மாத்திரை தொடங்கியவர் பயனின்றி மூன்றாம் வாரத்தில் பெங்களூரு செல்லும்போது, எம்மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பது எழுத்தில் இல்லாவிடில் அங்கு மாத்திரை மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்படலாம். மீட்பு ஊசிக்குரிய வாரங்கள் அதில் கழியும். மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றோடு நோய் தொடங்கிய தேதியும் சீட்டில் இருத்தல் வேண்டும். மருந்துச்சீட்டுகளில் வந்த தேதி இருக்கும். தொடங்கிய தேதி அரிதாகவே இருக்கும்.

எந்தச் செவியோடு ஒப்பிடுவது?

30 டெசிபெல் இழப்பு என்று வரையறை கூறுகிறது. எதிலிருந்து இழப்பு? நோய்க்கு முந்தைய அளவீடு பெரும்பாலோர்க்கு இருப்பதில்லை என்பதால் மற்றச் செவியோடு ஒப்பிடுவதே உலக வழக்கு. அலுவலகப் பணியாளர்க்கு இது ஒருவாறு பொருந்தும். பத்தாண்டுகள் அழுத்த இயந்திரத்தின் அருகிலோ கல்லறுக்கும் வாளின் அருகிலோ நின்றவர்க்கு மற்றச் செவியும் ஏற்கெனவே தேய்ந்திருக்கக்கூடும். நோய்க்கு முன் இருசெவியும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் ஒப்பீடு சரியாக அமையும். ஒருபுறமாகவே இரைச்சலை ஏற்றுப் பணி செய்தவர்க்கு அவ்வாறு அமையாது. மிகுதியாகத் தேய்ந்திருந்த செவி நல்ல செவியாகக் கணக்கிடப்பட்டால் 40 டெசிபெல் இழப்பு 25 ஆகத் தோன்றும். வரையறைக்குள் வராத நோயாளி திருப்பி அனுப்பப்படுவார். மருத்துவம் முடிந்து ஆறு மாதத்துக்குள் செய்யும் அளவீட்டிலும் இதே பிழை தொடரும். மீண்டது எவ்வளவு என்பதும் தவறாகக் கணிக்கப்படும்.

ஆனால் இப்பகுதிக்கு மட்டும் வேறெங்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் கேளாமையை அறிவிக்கத்தக்க நோய்களின் அட்டவணையில் வைத்தது. எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபெல் என்னும் வரம்பைக் கடந்த இடங்களில் பணிபுரிவோர்க்குக் காலமுறையில் செவித்திறன் அளவிடப்பட வேண்டும். முறையாக நடக்கும் பெரிய ஆலைகளில் இவ்வளவீடு நடைபெறுகிறது. அதாவது திடீர்ச் செவித்திறன் இழப்பு ஆய்வுகளில் ஏறத்தாழ யாருக்கும் கிட்டாத ‘நோய்க்கு முந்தைய அளவீடு’ இங்குப் பல தொழிலாளர்க்குத் தாளில் உள்ளது.

அத்தாள் ஆலையின் மருத்துவ அறையில் இருக்கிறது. செவி கேட்கவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என அஞ்சும் தொழிலாளி அதனைக் கேட்டு வாங்குவதில்லை. வெளியே அவரைப் பார்க்கும் மருத்துவர்க்கு அப்படியொரு தாள் இருப்பதே தெரிவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு அவ்வளவீடு செய்யப்பட்டதா என்பது ஒப்பந்ததாரரைப் பொறுத்தது. ஆண்டுதோறும் எடுக்கப்படும் அவ்வரைபடத்தின் படி ஒன்று, ஊதியச்சீட்டைப் போலத் தொழிலாளியின் கையில் தரப்படுமானால், இடச்செவி அடைத்த திங்கட்கிழமையில் அவர் மருத்துவர் மேசையில் வைக்க ஒரு சான்று இருக்கும்.